முத்திரையும் அப்பீலும்

சாமான் வாங்கப் போகிற நம் ஜனங்கள் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்பே "ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா?" என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். எழுத்து வாசனையில்லாத பாட்டியும் குக்கரைத் திருப்பிப் பார்த்து அந்தச் சிறு அடையாளத்தைத் தேடுகிறாள். ஒரு தேசத்தின் பிரஜைகள் ஓர் அடையாளத்தின்மீது இவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பது சாமானியமான காரியமன்று. அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த முத்திரை ஒருவருக்கு மறுக்கப்படும்போது, அல்லது கொடுத்த முத்திரை பறிக்கப்படும்போது, அவர் முறையிட வேண்டிய இடம் எது? அங்கே அவருக்குக் கிடைக்கக்கூடிய நியாயம் எத்தகையது? ஜனங்களின் உரிமைகளைப் பற்றி மேடைதோறும் முழங்குகிற நம் நண்பர்களில் எத்தனை பேர் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்?

முத்திரை கொடுக்கும் இந்த ஸ்தாபனம் அந்நியர் நம்மீது சுமத்தியதொன்றன்று. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்னதாக, 1947ஆம் வருஷம் ஜனவரி 6ந் தேதி, இந்தியத் தர நிறுவனம் என்ற பெயருடன் அது தோன்றியது. அது வகுத்த தர விவரணங்களில் 1 என்ற எண்ணைத் தாங்கி 1951இல் வெளிவந்தது எதற்கு என்று கேட்டால் நம் உள்ளம் பூரிக்கும்: நம் தேசியக் கொடிக்கு. கொடியின் துணி, நூல், வர்ணம், அளவு எல்லாம் அதிலே சொல்லப்பட்டிருந்தன. 1952இல் முத்திரைச் சட்டம் வந்தது. 1955இல் முத்திரையிடும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1986ஆம் வருஷத்துச் சட்டத்தால் 1987 ஏப்ரல் 1ந் தேதி முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்ற புது உருவம் பெற்றது. அதற்கும் பின்னர் 2016ஆம் வருஷத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2017 அக்டோபர் 12 முதல் அமலுக்கு வந்தது.

இத்தனை சட்டங்களுக்கிடையே விஷயத்தின் சுபாவமே மாறிவிட்டது என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆதியில் முத்திரை ஒரு கௌரவம். விரும்பியவர் கேட்டுப் பெற்றார். விரும்பாதவர் அது இல்லாமலே வியாபாரம் செய்தார். முத்திரை மறுக்கப்பட்டவருக்குப் பெருமை குறைந்ததேயன்றிப் பிழைப்புப் போகவில்லை. இன்றோ 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டுவிட்டால், முத்திரையில்லாத அந்தச் சாமானைச் செய்வதும் விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும்கூட 17ஆம் பிரிவின்படி குற்றமாகிவிடும். குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதலும், வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு அதே வருஷம் பிப்ரவரி முதலும் இவ்விதம் கட்டாயம் வந்தது. தங்க நகைகளின் ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் பல ஜில்லாக்களில் கட்டாயமாயிற்று. இதை மீறுவோருக்கு அச்சட்டம் நிறைவேறிய காலத்தில் 29ஆம் பிரிவு வகுத்த தண்டனை, இரண்டு வருஷம்வரை சிறை அல்லது முதல் தடவைக்கு 2 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே. ஆகவே இன்று முத்திரையை மறுப்பது கௌரவத்தை மறுப்பதன்று. பட்டறையின் கதவைச் சாத்துவது. கதவைச் சாத்தும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே அப்பீலும் அதற்கேற்ற வலிமையோடு இருக்க வேண்டுமல்லவா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு குக்கர் செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையாக லைசென்ஸ் பெற்றவர். உத்தியோகஸ்தர் ஒருவர் ஏதோ ஓர் ஊர்க் கடையிலிருந்து அவருடைய குக்கர் ஒன்றை மாதிரியாக எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார். சில வாரங்கள் கழித்து, 2347ஆம் எண்ணுள்ள தரத்தின் இன்ன அம்சத்தில் மாதிரி தேறவில்லை என்று அறிக்கை வருகிறது. முத்திரையிடுவதை உடனே நிறுத்தும்படி ஒரு கடிதம். பின்னால் லைசென்ஸை ரத்து செய்யும் ஆணை. நம் தொழிலதிபர் என்ன சொல்கிறார்? "அந்தக் குக்கர் வெகுநாள் கடைக்காரர் கிடங்கில் வெயிலில் கிடந்தது, அதன் ரப்பர் வளையம் நான் போட்டதன்று, பரிசோதனை செய்த முறையிலும் தவறு இருக்கிறது" என்கிறார். அவர் சொல்வது உண்மையாயிருக்கலாம், பொய்யாயுமிருக்கலாம். அது எது என்று தீர்மானிப்பது யார் என்பதே நம் கேள்வி. தீர்மானம் ஆகும்வரை கிடங்கில் சரக்குத் தேங்குகிறது. பாங்கிக் கடனின் தவணை எதற்கும் காத்திருப்பதில்லை. கைதேர்ந்த வேலைக்காரர்கள் இரண்டாம் மாதம் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். அப்பீலில் ஜயித்தாலும் அவர்களைத் திரும்ப அழைத்துவர முடியுமா?

சட்டம் அப்பீலே கொடுக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 34ஆம் பிரிவு இருக்கிறது. லைசென்ஸ் சம்பந்தமான ஆணையால் பாதிக்கப்பட்டவர் விதிகள் குறிக்கும் கெடுவுக்குள், விதிகள் குறிக்கும் கட்டணத்தைச் செலுத்தி, அமைவனத்தின் தலைமை இயக்குநரிடம் அப்பீல் செய்துகொள்ளலாம். கெடு தவறினாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம். தீர்ப்புக்கு முன்னால் அவர் தம் கக்ஷியைச் சொல்வதற்கு நியாயமான சந்தர்ப்பம் அளிக்க வேண்டும். அங்கேயும் திருப்தியில்லையென்றால் மத்திய சர்க்காருக்கு இன்னோர் அப்பீல் உண்டு. காகிதத்தில் பார்த்தால் இரண்டு படிகள். இரண்டும் கண்ணியமாகவே தோன்றுகின்றன.

ஆனால் படிகள் எந்த வீட்டுக்குள் இருக்கின்றன என்று பாருங்கள். லைசென்ஸைக் கொடுப்பதும் ரத்து செய்வதும் தலைமை இயக்குநருக்குச் சட்டம் தந்த அதிகாரம். அதை அவர் தமக்குக் கீழுள்ள உத்தியோகஸ்தர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். அவர்கள் அவர் பெயரால் செய்த காரியத்தின்மீது அப்பீல் அவரிடமே போகிறது. இரண்டாவது அப்பீலைக் கேட்பது அமைவனத்தை நிர்வகிக்கும் இலாகா. அந்த இலாகாவின் மந்திரி யார்? சட்டப்படி அவரே அமைவனத்தின் தலைவர்! தாசில்தார் உத்தரவின்மீது கலெக்டரிடம் அப்பீல் போவதில்லையா என்று சிலர் கேட்கலாம். போகிறது. ஆனால் நிலத்தகராறில் தாசில்தார் ஒரு கக்ஷிக்காரரல்ல. இரண்டு குடிகளுக்கு நடுவே நிற்கிறார். இங்கே தகராறே அமைவனத்துக்கும் தொழிலதிபருக்கும்தான்.

தரத்தை வகுப்பது அமைவனம். அந்தத் தரம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் இன்ஸ்பெக்டர். பரிசோதனை நடப்பது பெரும்பாலும் அதன் சொந்தச் சாலையில், அல்லது அது அங்கீகரித்த சாலையில். லைசென்ஸ் கொடுப்பதும், முத்திரைக் கட்டணம் வசூலிப்பதும், லைசென்ஸைப் பறிப்பதும், கிரிமினல் கோர்ட்டில் பிராது கொடுப்பதும் அதுவே. கடைசியில், இவற்றிலெல்லாம் தவறு நேர்ந்ததா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் அதன் தலைமைப் பீடம்.

இந்த வியாதி புதிதல்ல. லண்டன் மாநகரில் நானூறு வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. தாமஸ் பொன்ஹாம் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரி வைத்தியரை, தம் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்தார் என்று லண்டன் வைத்தியர் கல்லூரியார் அபராதம் போட்டுச் சிறையிலும் அடைத்தனர். அபராதத்தில் பாதி அந்தக் கல்லூரிக்கே சேரும்! 1610இல் பிரதம நீதிபதி எட்வர்டு கோக் அதைத் தகாதென்று தீர்த்தார். அழைப்பாணை அனுப்புகிறவர், தண்டனை விதிக்கிறவர், தண்டனையில் பங்கு பெறுகிறவர் எல்லாம் ஒருவராயிருக்கலாகாது என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்ற தத்துவத்துக்கு மேற்கோளாகச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். அது ஒரு லைசென்ஸ் தகராறு என்பதை மாத்திரம் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நம் தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு 1969இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. காஷ்மீரத்தில் வன இலாகா உத்தியோகங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த கமிட்டியில், தாமும் ஓர் அபேக்ஷகராக இருந்த ஓர் அதிகாரி அமர்ந்திருந்தார். தம் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார். தம் போட்டியாளரின் பெயர் வந்தபோது உள்ளே இருந்தார். கிரைபக் வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கில், அவர் மனத்தில் உண்மையிலேயே பக்ஷபாதம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை, இருக்கக்கூடும் என்று எண்ண இடமிருந்தாலே போதும் என்று சொல்லித் தேர்வையே ரத்து செய்தார்கள். நாமும் எந்த உத்தியோகஸ்தர் மீதும் நாணயக் குறைவைச் சாட்டவில்லை. அமைவனத்தில் பணிபுரியும் விஞ்ஞானிகளில் மிகப் பெரும்பாலோர் யோக்கியர்கள் என்றே நம்புகிறோம். ஆனால் தம் கீழுள்ளவர் செய்தது தவறு என்று எழுதுகிற ஒவ்வொரு தலைவரும், தம் ஸ்தாபனத்தின் பரிசோதனைச் சாலை தவறியது என்றும் சேர்த்தே எழுத நேர்கிறது. அந்தக் கை சற்றுத் தயங்குவது மனித சுபாவம்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்து அமைவனத்தின் அலமாரியிலேயே இருக்கிறது. சாமான்களுக்கு அத்தாட்சி தரும் ஸ்தாபனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சர்வதேச அளவில் 2012இல் வகுக்கப்பட்ட 17065ஆம் எண் தரத்தை, அமைவனமே இந்தியத் தரமாகவும் வெளியிட்டிருக்கிறது. அப்பீல் வந்தால் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். தேவையான தகவல்களைத் திரட்டிச் சரிபார்ப்பது ஸ்தாபனத்தின் பொறுப்பு. முடிவை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அத்தாட்சிக் காரியத்தில் சம்பந்தப்படாதவர்களே அப்பீலைத் தீர்க்க வேண்டும், அல்லது பரிசீலித்து அங்கீகரிக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. தலைமை இயக்குநர் அந்தக் குறிப்பிட்ட குக்கரைக் கண்ணாலும் கண்டதில்லையே, ஆகவே அவர் சம்பந்தப்படாதவர்தானே என்று அதிகார வர்க்கத்தார் பதில் சொல்லக்கூடும். எழுத்தளவில் அந்தப் பதில் நிற்கும். ஆனால் பிறருடைய சாமான்களின் எழுத்தளவான இணக்கத்தோடு திருப்தியடையாமல் உடைத்துப் பார்க்கிற ஸ்தாபனம், தன் விஷயத்தில் மட்டும் எழுத்தோடு நின்றுவிடலாமா?

அப்பீலின் உயிர் வாதத்தில் இல்லை, மாதிரியில் இருக்கிறது. பரிசோதனை அறிக்கையை எதிர்க்க ஒரே வழி இன்னொரு பரிசோதனைதான். வக்கீல் எவ்வளவு வாய்ச்சாலகராயிருந்தாலும் வெடித்த வால்வை வாதத்தால் ஒட்டவைக்க முடியாது; வெடிக்காத வால்வை அறிக்கையால் வெடிக்கவைக்கவும் கூடாது. உணவுப் பண்டங்கள் விஷயத்தில் இந்த உண்மையை நம் சட்டம் 1954லேயே உணர்ந்திருந்தது. கலப்படத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, எடுத்த மாதிரியின் மற்றொரு பகுதியை மத்திய ஆய்வுச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கும் உரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தது. அந்த உரிமையின் மதிப்பை ஒரு தயிர் வழக்கு விளக்குகிறது. தில்லியில் ஒரு வியாபாரியிடம் தயிர் மாதிரி எடுத்தார்கள். வழக்குத் தொடுப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. அவர் தம் உரிமையின்படி இரண்டாவது பகுதியை மத்திய சாலைக்கு அனுப்பச் செய்தபோது, அது பரிசோதனைக்கே லாயக்கில்லாமல் கெட்டுப்போயிருந்தது. 1967ஆம் வருஷத் தீர்ப்புத் தொகுப்பில் காணப்படும் அவ்வழக்கில், சர்க்கார் தரப்பின் தாமதத்தால் பிரதிவாதியின் அருமையான உரிமை வீணாகிவிட்டதால், முதல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அவரைத் தண்டிக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. பின்னால் வந்த 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டமும் மாதிரியை நான்கு பகுதிகளாக்கச் சொல்லுகிறது. முதல் அறிக்கையை ஆக்ஷேபித்து அப்பீல் செய்யவும், அதன்பேரில் வேறொரு மேற்பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் வழி வைத்திருக்கிறது. ஒரு படி தயிருக்குச் சட்டம் காட்டிய மரியாதையை ஒரு மனிதனுடைய பட்டறைக்கும் காட்டும்படி கேட்பது பேராசையா?

ஹைக்கோர்ட்டு இருக்கிறதே, 226ஆம் ஷரத்தின்படி ரிட் மனுப் போடலாமே என்பார் சிலர். போடலாம். ஆனால் அநேகமாக முதல் கேள்வியே, சட்டத்தில் உள்ள அப்பீல் வழியை ஏன் கையாளவில்லை என்பதாகத்தான் இருக்கும். இயற்கை நீதி மீறப்பட்டாலோ, அதிகார வரம்பே மீறப்பட்டாலோ நேரே வரலாம் என்று 1998இல் வேர்ல்பூல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உண்மை. எனினும் ரிட் விசாரணையில் நீதிபதிகள் குக்கரைச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. உத்தரவு போட்ட முறை சரியா என்பதையே பார்ப்பார்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தில்லியில் சீனியர் வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் படியிலும் ஏறுவார்கள். பத்து ஆள் பட்டறைக்காரர் ரயில் சார்ஜை எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நிலைமை இப்படியே நீடித்தால், கட்டாய முத்திரை நாளடைவில் சிறு கைத்தொழிலை வடிகட்டிவிட்டுப் பெரு முதலாளிகளை மட்டும் மிஞ்சவைக்கிற சல்லடையாகிவிடும் என்று அஞ்சுகிறோம். கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் 2020 டிசம்பரில் விலக்களித்ததன் மூலம் சர்க்காரே இந்த அபாயத்தை ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை தப்பியது பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆனால் விலக்கு என்பது தயவு. அப்பீல் என்பது உரிமை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. அப்பீலைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போலிச் சரக்கை விற்றுத் தீர்க்கிறவர்களும் உண்டு. மின்சாரக் கம்பியில் குறை வைத்தவன், குழந்தை வாயில் வைக்கும் பொம்மையில் ஈயச்சாயம் பூசியவன் ஆகியோருக்கு ஒரு நாள் ஸ்டே கொடுப்பதும் பாவம். அப்பீல் போட்டவுடன் ஆணை தானாகவே நின்றுவிட வேண்டும் என்று சில சங்கங்கள் கேட்டால் அந்தக் கோரிக்கையை நாம் ஆதரிக்கமாட்டோம். அன்றியும், பாதிக்கப்படுகிறவர் உற்பத்தியாளர் ஒருவர்தானா? தகுதியில்லாத சாமானுக்கு முத்திரை கொடுக்கப்பட்டுவிட்டால், அதை வாங்கிய குடும்பம் எங்கே அப்பீல் செய்வது? 34ஆம் பிரிவு "பாதிக்கப்பட்ட எவரும்" என்றுதான் சொல்லுகிறது. ஆனால் லைசென்ஸ் கொடுத்த ஆணையை அந்தக் குடும்பத்தார் கண்ணால் பார்த்தால்தானே அதை எதிர்த்துப் பேச முடியும்? அவர்கள் புகார் செய்யலாம், அவ்வளவுதான். புகார் வேறு, அப்பீல் வேறு. புகாரை விசாரிப்பது அதிகாரியின் கடமை மட்டுமே. அப்பீலில் எதிர்த்து நின்று வாதிடுவது பிரஜையின் அந்தஸ்து.

சர்க்கார் சார்பற்ற தனியார் அத்தாட்சி ஸ்தாபனங்களும் பெருகி வருகின்றன. அவற்றோடு உற்பத்தியாளருக்கு உள்ள சம்பந்தம் ஒப்பந்தமே; ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் அப்பீல் ஷரத்தைப் படிக்கும்படி நம் வியாபாரிகளுக்குச் சொல்லி வைக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தார் லிப்டுகளுக்கும் அழுத்தக் கலங்களுக்கும் 2014இல் இயற்றிய சட்டங்களில், அத்தாட்சி தரும் ஸ்தாபனங்களின் முடிவை எதிர்த்து அப்பீல் வழி இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒவ்வொரு ராஜ்யத்தின் கடமை என்று எழுதி வைத்துவிட்டார்கள். நம் தேசத்திலோ காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. சினிமாப் படங்களின் அத்தாட்சி விஷயத்தில் இருந்த தனி அப்பீல் டிரிப்யூனலை 2021 ஏப்ரலில் எடுத்துவிட்டு, ஹைக்கோர்ட்டுக்குப் போகும்படி சொல்லிவிட்டார்கள். படமெடுப்பவராவது ஹைக்கோர்ட்டுக்குப் போக வசதியுள்ளவர்.

நாம் கேட்பது அதிகமில்லை. 34ஆம் பிரிவைத் திருத்தி, முதல் அப்பீலைத் தலைமை இயக்குநரிடமே வைத்துக்கொண்டாலும், இரண்டாவது அப்பீலை இலாகாவிடமிருந்து எடுத்து, ஓய்வுபெற்ற ஜில்லா நீதிபதி ஒருவரும் அந்தந்தத் தொழில் தெரிந்த எஞ்சினீயர் ஒருவரும் அடங்கிய ஒரு பெஞ்சுக்குக் கொடுக்கலாம். அந்தப் பெஞ்சு தில்லியில் மட்டும் உட்கார்ந்திராமல் சென்னை முதலிய இடங்களுக்கு வந்து, அந்தந்தப் பிரதேச பாஷையிலேயே கக்ஷிகளைக் கேட்க வேண்டும். மாதிரி எடுக்கும்போதே இரண்டாவது மாதிரி ஒன்றை முத்திரை வைத்து உற்பத்தியாளர் முன்னிலையில் ஒதுக்கிவிட்டு, ஆக்ஷேபம் வந்தால் முதல் பரிசோதனையில் சம்பந்தப்படாத சாலைக்கு அதை அனுப்ப வேண்டும். பாதுகாப்பு வால்வு வேலை செய்யாத குக்கருக்கு ஸ்டே கூடாது. லேபிளில் ஒரு விவரம் விடுபட்ட குக்கருக்கு அப்பீல் முடியும்வரை ஏன் ஸ்டே கூடாது? இந்த வித்தியாசத்தைச் சட்டமே சொல்லிவிடட்டும். முடிவு கூறக் கெடு இருக்க வேண்டும். கெடு தாண்டினால் ரத்து ஆணை தானே உறங்கிவிட வேண்டும், உயிருக்கு அபாயமான சாமான்களில் தவிர. "முத்திரையிடுவதை நிறுத்து" என்ற கடிதமும் அப்பீலுக்குரிய ஆணையே என்று ஐயமின்றி எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அது ஆணையா, வெறும் அறிவுறுத்தலா என்ற வாதத்திலேயே ஒரு பருவம் போய்விடும். தீர்ப்புகள் காரணங்களோடு பிரசுரமாக வேண்டும். 1976இல் ஸீமென்ஸ் வழக்கிலும் 1990இல் முகர்ஜி வழக்கிலும் காரணம் கூறும் கடமையைச் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக வலியுறுத்தியிருப்பதால், இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. மனம் இருந்தால் நாளைக்கே செய்யலாம்.

சிறு தொழிற்சங்கங்களின் காரியதரிசிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அங்கத்தினரில் எவரேனும் இத்தகைய அப்பீல் செய்து, அதன்மேல் பிறந்த ஆணையின் நகல் கையில் இருந்தால், எங்கள் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். அப்பீல் கொடுத்த தேதி, விசாரணை நடந்த தேதி, ஆணை பிறந்த தேதி ஆகிய மூன்றையும் தனியே குறித்து அனுப்பினால் உபயோகமாயிருக்கும். அனுப்புகிறவர் பெயரை நீக்கிவிட்டு, அந்த மூன்று தேதிகளையும் ஆணையில் சொல்லியுள்ள காரணங்களையும் இதே பக்கத்தில் வரிசையாகப் பிரசுரித்து, நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைக்க உத்தேசித்திருக்கிறோம்.